போட்டிப் பதற்றம்

போட்டிப் பதற்றம் என்பது விளையாட்டு வீரர் ஒருவர் போட்டிக்கு முன்னரோ போட்டியின்போதோ அடையும் அச்சம், கவலை, உடல் இறுக்கம் ஆகியவற்றின் தொகுப்பாகும். தம் திறமை பிறரால் மதிப்பிடப்படுகிறது என்ற உணர்வும், முடிவு என்னவாகும் எனத் தெரியாத நிலையும் ஒன்றுசேரும்போது இது தோன்றுகிறது. பயிற்சியின்போது பிழையின்றிச் செய்த செயலை அரங்கில் பலர் முன்னிலையில் செய்ய இயலாமல் போவது இதன் நன்கறியப்பட்ட விளைவாகும். இதனைக் கையாளும் வழிகளை ஆராய்வது விளையாட்டு உளவியலின் முதன்மையான பணிகளுள் ஒன்று. இவ்வழிகள் பிறவிக் குணத்தை மட்டும் சார்ந்தவை அல்ல. நீச்சலையும் பந்து வீச்சையும் போலப் பயிற்சியால் கற்கக்கூடியவை.

வரலாறு

அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் 1898 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. தனியாக ஓட்டுவதைக் காட்டிலும் பிறருடன் சேர்ந்து ஓட்டும்போது மிதிவண்டி வீரர்கள் விரைவாகச் செல்வதை அவர் கவனித்தார். பின்னர், தூண்டில் கயிறு சுற்றும் உருளையைச் சிறுவர்களிடம் கொடுத்துச் சோதித்தார். போட்டியாளர் அருகிலிருந்தபோது பலருடைய வேகம் கூடியது. ஆனால் சிலர் மிகையான தூண்டலால் தடுமாறி வேகம் குறைந்தனர். போட்டி ஒருவரை உயர்த்தவும் கூடும், குலைக்கவும் கூடும் என்பதை இவ்வாய்வு காட்டியது.

1925 இல் கோல்மன் கிரிஃபித் இலினொய் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். 1938 இல் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி அவரைப் பணியமர்த்தியது. 1977 இல் ரெய்னர் மார்ட்டென்ஸ் போட்டிப் பதற்றத்தை அளவிடும் வினாத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் பின்னர் உருவாக்கிய மற்றொரு வினாத்தொகுப்பு உலகெங்கும் ஆய்வுகளில் பயன்படலாயிற்று.

வகைகள்

போட்டிப் பதற்றம் இரு கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது.

அறிதல்சார் பதற்றம்: "தோற்றுவிட்டால் என்ன ஆகும்", "எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்" போன்ற எண்ணங்கள், கவனச் சிதறல், தன்னைப் பற்றிய ஐயம் ஆகியன இதில் அடங்கும்.

உடல்சார் பதற்றம்: இதயத் துடிப்பு மிகுதல், உள்ளங்கை வியர்த்தல், கை நடுங்குதல், வயிறு கலங்குதல், தசைகள் இறுகுதல் ஆகியன இதில் அடங்கும்.

ஆபத்தை எதிர்கொள்ள உடல் தன்னைத் தயார்ப்படுத்தும் இயல்பான செயலே உடல்சார் பதற்றம் ஆகும். பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்பட்டு, அட்ரினலின் சுரந்து, தசைகளுக்குச் செல்லும் குருதியின் அளவு கூடுகிறது. இந்த ஆற்றல் பளு தூக்குபவருக்கு உதவக்கூடும். துப்பாக்கி சுடுபவருக்கோ ஒரு மில்லிமீட்டர் நடுக்கமும் பதக்கத்தைப் பறித்துவிடும்.

பதற்றமும் செயல்திறனும்

1908 இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் ஆகியோர் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துக் கற்றல் வேகத்தை ஆராய்ந்தனர். கடினமான பணியில் மிதமான அதிர்ச்சியே மிக விரைவான கற்றலைத் தந்தது. இதிலிருந்து கவிழ்த்த 'ப' வடிவக் கோட்பாடு உருவாக்கப்பட்டது. கிளர்ச்சி மிகக் குறைவாக இருந்தால் மந்தம், மிகக் கூடினால் குழப்பம், இடைப்பட்ட நிலையில் சிறந்த செயல்திறன் என்பது இதன் சாரம். எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு என்பதால், இதனை விளையாட்டு வீரர்களுக்கு அப்படியே பொருத்துவது பின்னாளில் கேள்விக்குள்ளானது.

உளவியலாளர் யூரி ஹானின், ஒவ்வொரு வீரருக்கும் தனக்கேயுரிய உகந்த நிலை உண்டு என்றார். சிலர் அமைதியாக இருக்கும்போதும், வேறு சிலர் கணிசமான பதற்றத்துடன் இருக்கும்போதும் சிறப்பாக விளையாடுகின்றனர். எனவே எல்லா வீரர்களையும் ஒரே அளவுக்கு அமைதிப்படுத்துவது சரியான பயிற்சி ஆகாது.

கவலை மிகுந்துள்ள வேளையில் உடற்கிளர்ச்சியும் ஓர் எல்லையைத் தாண்டினால் செயல்திறன் படிப்படியாக அன்றி ஒரேயடியாகச் சரியும் என்பது லூ ஹார்டி, ஜான் ஃபேசி ஆகியோர் 1987 இல் முன்வைத்த கருத்தாகும். அவ்வாறு சரிந்த வீரர் சற்றே அமைதியடைந்த உடனேயே பழைய நிலைக்குத் திரும்பிவிட முடிவதில்லை.

அழுத்தத்தில் தடுமாறுதல்

நன்கு பழகிய திறன் நெருக்கடியில் ஏன் கைவிடுகிறது என்பதற்கு இரு விளக்கங்கள் உள்ளன.

முதலாவது, கவனச் சிதறல். முடிவைப் பற்றிய கவலை மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்வதால், ஆட்டத்துக்குரிய கவனம் குறைகிறது.

இரண்டாவது, தன்னையே மிகையாகக் கவனித்தல். பழகிய அசைவுகள் தாமாக நிகழ்பவை. படியில் இறங்கும்போது ஒவ்வோர் அடியையும் எண்ணிப் பார்த்தால் கால் இடறுவது போல, தேர்ந்த வீரர் தம் அசைவைத் துண்டு துண்டாகக் கட்டுப்படுத்த முயலும்போது அதன் ஓட்டம் குலைகிறது. ராய் பாமைஸ்டர் 1984 இல் இக்கருத்தை ஆராய்ந்தார். சியான் பெய்லாக், தாமஸ் கார் ஆகியோர் 2001 இல் வெளியிட்ட குழிப்பந்தாட்ட ஆய்வில், ஒளிப்படக் கருவியின் முன் பயிற்சி பெற்றவர்கள் பின்னர் அழுத்தத்திலும் தடுமாறவில்லை. கவனிக்கப்படுவதற்கு முன்கூட்டியே பழகுவது பயன் தரும் என்பது இதன் பொருளாகும்.

கையாளும் நுட்பங்கள்

மூச்சுப் பயிற்சி: மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட நீண்ட நேரம் வெளிவிடுதல். வெளிமூச்சின்போது துணைப்பரிவு நரம்பு மண்டலத்தின் செல்வாக்கு மிகுந்து இதயத் துடிப்பு தணிகிறது. எவ்விடத்திலும் சில நொடிகளில் செய்யக்கூடியது என்பது இதன் சிறப்பு.

படிப்படியான தசைத் தளர்வு: அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கிய இம்முறையை விளக்கும் அவரது நூல் 1929 இல் வெளிவந்தது. ஒவ்வொரு தசைத் தொகுதியையும் இறுக்கி, பின் தளர்த்தி, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை உணரப் பழகுதல் இதன் அடிப்படை. போட்டிக்குச் சற்று முன்னர் முழுமையாகச் செய்தால் உடல் சோர்ந்துவிடக்கூடும் என்பதால், இது பெரும்பாலும் முந்தைய நாள்களில் செய்யப்படுகிறது.

மனக்காட்சிப் பயிற்சி: செய்யப்போகும் செயலை ஒலி, தொடுவுணர்வு, வேகம் ஆகியவற்றுடன் மனத்தில் ஓட்டிப் பார்த்தல். வெற்றியை மட்டுமன்றி இடையூறுகளையும் அவற்றிலிருந்து மீள்வதையும் காண்பது இன்றியமையாதது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சல் இறுதிப் போட்டியில் மைக்கேல் பெல்ப்சின் நீச்சல் கண்ணாடிக்குள் நீர் புகுந்து பார்வை மறைந்தது. இத்தகைய இடையூறுகளை முன்பே மனத்தில் ஒத்திகை பார்த்திருந்த அவர், கைவீச்சுகளை எண்ணியபடியே நீந்தி உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார்.

தற்பேச்சு: தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சுருக்கமான சொற்கள். "தவறவிடாதே" என்பதைவிட "பந்தைப் பார்" என்பது மேலானது. முன்னது தவற்றை நினைவூட்டுகிறது. பின்னது செய்யவேண்டியதைச் சொல்கிறது.

இலக்கு அமைத்தல்: இலக்குகள் முடிவு இலக்கு, செயல்திறன் இலக்கு, செயல்முறை இலக்கு என மூவகைப்படும். தங்கம் வெல்வது முதல்வகை. தன் சிறந்த நேரத்தை முறியடிப்பது இரண்டாம் வகை. தொடக்கப் பாய்ச்சலைச் சரியாகச் செய்வது மூன்றாம் வகை. முடிவு இலக்கு எதிராளியையும் சார்ந்தது. செயல்முறை இலக்கு பெரிதும் வீரரின் கையிலேயே இருப்பதால், போட்டி நேரத்தில் அதில் மனத்தைச் செலுத்துமாறு அறிவுறுத்தப்படுகிறது.

முன்செயல் ஒழுங்கு: ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்யும் சிறு செயல்கள். டென்னிசில் பந்தை எறிந்து அடிக்கும் முன் அதைத் தரையில் தட்டுவதும், கூடைப்பந்தில் தடையிலா எறிவுக்கு முன் மூச்சை இழுத்து விடுவதும் இதற்கு எடுத்துக்காட்டுகள். திறனை இது நேரடியாகக் கூட்டுவதில்லை. கவலை நுழையும் இடைவெளியை அடைத்துவிடுகிறது.

மறுமதிப்பீடு: படபடப்பை அச்சமாகக் கொள்ளாமல் உற்சாகமாகக் கொள்ளுதல். அலிசன் வுட் புரூக்ஸ் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், "நான் உற்சாகமாக இருக்கிறேன்" எனச் சொல்லிக்கொண்டவர்கள் பாடுதல், மேடைப்பேச்சு, கணிதத் தேர்வு ஆகியவற்றில் சிறப்பாகச் செயல்பட்டனர். இவ்வாய்வு விளையாட்டு வீரர்களைக் கொண்டு நடத்தப்பட்டதன்று எனினும், தேர்வெழுதும் மாணவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்துவதாகும்.

எடுத்துக்காட்டுகள்

இந்தியத் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா 2004 ஏதென்சு ஒலிம்பிக்கின் 10 மீட்டர் காற்றழுத்தத் துப்பாக்கிப் போட்டியில் மூன்றாவதாகத் தகுதிபெற்றும் இறுதியில் ஏழாமிடமே பெற்றார். பின்னர் மூளையலைகளையும் உடல் எதிர்வினைகளையும் கருவியால் கண்டு கட்டுப்படுத்தும் உயிர்ப்பின்னூட்டப் பயிற்சியை மேற்கொண்டார். அச்சத்தைப் பழகிக்கொள்வதற்காக ஜெர்மனியில் உயரமான கம்பம் ஒன்றில் ஏறினார். 2008 பெய்ஜிங் இறுதியில் கடைசிச் சுடுதலுக்கு முன் அவரும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் சமநிலையில் இருந்தனர். பிந்த்ரா 10.8 புள்ளிகளும் ஹாக்கினன் 9.7 புள்ளிகளும் எடுத்தனர். தனிநபர் போட்டியில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் இதுவாகும்.

கால்பந்தில் பெனால்டி உதைகள் இத்துறையில் பெரிதும் ஆராயப்பட்டவை. நடுவர் ஊதியவுடன் அவசரமாக உதைப்பவர்கள் தவறவிடும் வாய்ப்பு மிகுதி என கெய்ர் யோர்டெட்டும் அவர் குழுவினரும் 2009 இல் காட்டினர். 1990, 1998, 2006 உலகக்கோப்பைகளில் பெனால்டியில் தோற்ற இங்கிலாந்து அணி, 2018 போட்டிக்கு முன்னர் உதைப்பதை மட்டுமன்றி, அதற்கு முந்தைய நடை, நிதானம் ஆகியவற்றையும் பயின்றது. அவ்வாண்டு கொலம்பியாவை 4–3 என வென்றது. பயிற்சி எல்லாவற்றுக்கும் உறுதியளிப்பதன்று. 2021 இல் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில் அதே அணி இத்தாலியிடம் பெனால்டியில் தோற்றது.

சென்னையைச் சேர்ந்த சதுரங்க வீரர் குகேசு, 2011 இல் உலகக்கோப்பை வென்ற இந்தியத் துடுப்பாட்ட அணியின் மனத்திறன் பயிற்றுநராக இருந்த பேடி அப்டனுடன் இணைந்து, 2024 உலக வாகையாளர் போட்டிக்கு ஆயத்தமானார். முதல் ஆட்டத்தில் தோற்றபோதும் மீண்டு, 14 ஆவது ஆட்டத்தில் வென்று, 18 வயதில் உலக வாகையாளரானார்.

மருந்துகள்

பீட்டா தடுப்பி எனப்படும் இதய நோய் மருந்துகள் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கின்றன. ஆகவே துப்பாக்கி சுடுதல், வில்வித்தை ஆகிய போட்டிகளில் இவை தடைசெய்யப்பட்டுள்ளன. 2008 ஒலிம்பிக்கில் வடகொரியாவின் கிம் ஜொங்-சு, புரோப்பிரனலால் பயன்படுத்தியமை கண்டறியப்பட்டதால் இரு பதக்கங்களை இழந்தார்.

வரம்புகள்

மேற்கூறிய நுட்பங்கள் வழக்கமான போட்டிப் பதற்றத்துக்கு உரியவை. மருத்துவச் சிகிச்சைக்கு மாற்று அல்ல. தூக்கமின்மை, தொடர் மனச்சோர்வு, போட்டி முடிந்த பின்னும் நீங்காத அச்சம் ஆகியன இருப்பின் மருத்துவரையோ உளவியலாளரையோ அணுகவேண்டும்.

2020 ஒலிம்பிக் போட்டிகள் 2021 இல் தோக்கியோவில் நடைபெற்றபோது, அமெரிக்கச் சீருடற்பயிற்சி வீராங்கனை சிமோன் பைல்சு, அந்தரத்தில் சுழலும்போது தம் உடலின் நிலையை உணர முடியாமல் போனதால் குழு இறுதிப் போட்டியிலிருந்து விலகினார். தலை தரையில் மோதினால் உயிருக்கே ஆபத்தான விளையாட்டு இது. "மன உறுதி இல்லை" என அவரைச் சிலர் குறைகூறினர். உதவி பெற்றுத் திரும்பிய அவர் 2024 பாரிசில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். பதற்றத்தைத் தாண்டிச் செல்வது போலவே, எப்போது நிறுத்தவேண்டும் என்பதை அறிவதும் வீரருக்குத் தேவையான திறனாகும்.

இந்நுட்பங்களைப் போட்டி நாளன்று முதன்முறையாக முயல்வதால் பெரும்பாலும் பயன் விளைவதில்லை. அன்றாடப் பயிற்சியின் ஒரு பகுதியாகப் பல வாரங்கள் பழகி, பின்னர் சிறு போட்டிகளில் சோதித்து, தனக்குப் பொருந்துவதை மட்டும் வைத்துக்கொள்வதே பரிந்துரைக்கப்படும் முறையாகும்.