டேட் நைட் பில் 2,887 ரூபாய்: என் கார்டு டிக்ளைன் ஆன அந்த ராத்திரி



இன்னைக்கு ஒரு கணக்கு சொல்லப் போறேன். இது என் சொந்தக் கணக்கு. வீடியோல சொல்ல ரெண்டு தடவை உக்காந்தேன், ரெண்டு தடவையும் கேமராவை ஆஃப் பண்ணிட்டேன். எழுதுறது கொஞ்சம் சுலபமா இருக்கு, அதனால இங்க எழுதுறேன்.

உங்களுக்கும் இது தெரிஞ்ச காட்சிதான். சனிக்கிழமை சாயங்காலம். நுங்கம்பாக்கம் பக்கம் புதுசா ஒரு ரெஸ்டாரன்ட். சுவர் முழுக்க செடி, மஞ்சள் பல்பு, மரப்பலகையில வர்ற பீட்சா. இன்ஸ்டாகிராம்ல ரீல்ஸ் பாத்துட்டு "போலாமா?"ன்னு ஒருத்தர் கேப்பாங்க, "போலாமே"ன்னு இன்னொருத்தர் சொல்வாங்க. அவ்வளவுதான், டேட் நைட் ரெடி.

கல்யாணம் ஆகி ரெண்டாவது வருஷம் நானும் என் மனைவியும் மாசம் ரெண்டு தடவை இப்படிப் போயிட்டு இருந்தோம். அப்போ என் சம்பளம் 48,000. வீட்டு வாடகை 14,000. ஒரு தடவை வந்த பில்லை அப்படியே கீழ தரேன். உங்க கடைசி பில்லையும் எடுத்துப் பக்கத்துல வச்சுக்கோங்க.

பில்லைப் பிரிச்சுப் பார்ப்போம்

ஸ்டார்ட்டர் ஒன்று: 395
மாக்டெயில் ரெண்டு: 550
பாட்டில் தண்ணீர்: 90
பாஸ்தா: 525
பீட்சா: 595
டெசர்ட் ஒன்று: 345
மொத்தம்: 2,500

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சா இல்லை. 10% சர்வீஸ் சார்ஜ் 250 ரூபாய். இப்போ 2,750. அதுக்கு மேல 5% ஜிஎஸ்டி, 137.50. ஆக மொத்தம் 2,887 ரூபாய் 50 காசு. போக வர கேப் 480. ஒரு ராத்திரிக்கு 3,367 ரூபாய்.

மாசம் ரெண்டு தடவைன்னா 6,735. வருஷத்துக்கு 80,820 ரூபாய். என் சம்பளத்துல ஒன்றரை மாசத்துக்கும் மேல! அந்த ஒன்றரை மாசம் நான் ஆபீஸ் போனதே இந்த மஞ்சள் பல்புக்காகத்தான்னு வச்சுக்கலாம்.

இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன். "இந்தப் பணத்தை எஸ்ஐபில போட்டிருந்தா 20 வருஷத்துல இவ்வளவு லட்சம்"னு நான் சொல்லப் போறதில்லை. அந்தக் கணக்கு நிறைய பேர் போட்டுட்டாங்க. புருஷன் பொண்டாட்டி வெளிய போய் ஒரு வேளை நிம்மதியா சாப்பிடறது வீண் செலவு இல்லை. அந்த செலவை எந்தப் பணத்துல செய்யறோம், யாருக்குத் தெரிஞ்சு செய்யறோம்ங்கறதுதான் கேள்வி.

நான் செஞ்சது கிரெடிட் கார்டுல. தெரியாதது என் மனைவிக்கு.

"சார், கார்டு டிக்ளைன் ஆகுது"

எங்க ரெண்டாவது கல்யாண நாள். அதே ரெஸ்டாரன்ட், அதே அளவு பில். கார்டை நீட்டினேன். அந்தத் தம்பி மெஷினை ரெண்டு தடவை தட்டிப் பாத்துட்டு, குனிஞ்சு மெதுவா, "சார், டிக்ளைன் ஆகுது. வேற கார்டு இருக்கா?"ன்னு கேட்டார்.

என் கார்டு லிமிட் 65,000. அதுல பாக்கி ஏற்கெனவே 62,400. 2,887க்கு இடமில்லை. சேவிங்ஸ் அக்கவுன்ட்ல, மாசக் கடைசிங்கறதால, ஆயிரத்துச் சொச்சம்தான் இருந்துச்சு.

என் மனைவி ஒண்ணும் பேசல. போனை எடுத்தா, க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினா, கட்டினா. அது மறுநாள் சீட்டுக்குக் கட்ட எடுத்து வச்சிருந்த பணம்னு எனக்குத் தெரியும்.

கேப்ல வரும்போது கேட்டா: "ஏங்க, கார்டுல எவ்வளவு இருக்கு?"

நான் சொன்னது: "கொஞ்சம்தான்மா. பாத்துக்கலாம்."

மக்களே, அந்த 62,400 ரூபாயைவிட இந்த "கொஞ்சம்தான்" எனக்குப் பெரிய கடன். ரெண்டு நாள் வீட்ல பேச்சே இல்லை. டேட் நைட் எதுக்குப் போறோம்? ரெண்டு பேரும் உக்காந்து மனசு விட்டுப் பேசத்தானே? ஒரு வருஷமா பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை எதிரெதிரே உக்காந்து எல்லாம் பேசினோம். இதை மட்டும் நான் பேசல.

சாப்பிடாத டின்னருக்கு மாசா மாசம் பில்

மூணாவது நாள் கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் பிரின்ட் எடுத்து அவ முன்னாடி வச்சேன். அவ ஒரு மார்க்கர் பேனா எடுத்துட்டு வந்தா. ரெண்டு பேருமா கோடு போட்டோம். போன் கவர், ஒரு ஷூ, பிறந்தநாள் கிஃப்ட்னு சில்லறைச் செலவும் இருந்துச்சு. ஆனா பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு விழுந்தது ஹோட்டல் பில்லுக்குத்தான்.

அதைவிடக் கஷ்டமான வரி இன்னொண்ணு. வட்டி. நான் மாசா மாசம் மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வந்தேன். "கரெக்டா கட்டிட்டு இருக்கேன்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க:

நம்ம ஊர்ல பல கார்டுகளுக்கு வட்டி மாசம் 3 முதல் 3.75% வரை. என் கார்டுக்கு 3.5%. வருஷத்துக்கு 42%.

62,400 ரூபாய்க்கு ஒரு மாச வட்டி 2,184. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, 393. ரெண்டும் சேர்த்து 2,577 ரூபாய்.

முழுப் பாக்கியையும் கட்டாம விட்டா, வட்டி இல்லாத அந்த 45, 50 நாள் சலுகையும் போயிடும். புதுசா தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்ச்ச நாள்லேர்ந்தே வட்டி ஓடும்.

2,577 ரூபாய்! அதாவது கிட்டத்தட்ட ஒரு டின்னர் பில். ஒரு வாய் சாப்பிடாம மாசா மாசம் ஒரு டின்னருக்குக் காசு கட்டிட்டு இருந்தேன். நான் கட்டின மினிமம் தொகையில பெரும்பகுதி வட்டிக்கே போயிடுச்சு, அசல் அசையவே இல்லை.

என் மனைவி பேர்ல 40,000 ரூபாய்க்கு ஒரு எஃப்டி இருந்துச்சு. வட்டி 7%. "அதை உடைச்சுடலாம்"னு அவதான் சொன்னா. எனக்கு மனசு வரல. அவ கேட்ட கேள்வி சிம்பிள்: "7% வாங்கிட்டு 42% கட்டறதுல என்னங்க லாபம்?" முன்கூட்டி உடைச்சதுக்கு வட்டியில கொஞ்சம் குறைச்சாங்க, அவ்வளவுதான். 40,000 கட்டினோம். மீதி 22,400ஐ மாசம் ஏறக்குறைய 8,000 வீதம் மூணு மாசத்துல முடிச்சோம். அந்த மூணு மாசமும் வெளிய சாப்பாடே கிடையாது. அப்புறம் எட்டு மாசம், மாசம் 5,000 அவ அக்கவுன்ட்டுக்குப் போட்டு அந்த எஃப்டியைத் திரும்ப நிரப்பினேன்.

உங்க கார்டுலயும் இப்படிப் பாக்கி ஓடிட்டு இருந்தா, முதல்ல அதை முடிங்க. டேட் நைட் எங்கயும் போயிடாது.

அடுத்த தடவை போகும்போது பில்லை இப்படிப் பாருங்க

இப்போ நாங்க திரும்ப வெளிய போறோம். ஆனா பில் வந்ததும் பாக்காம கார்டை வைக்கிற பழக்கம் போயிடுச்சு. நீங்களும் இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கோங்க:

சர்வீஸ் சார்ஜ்: இது அரசாங்கத்தோட வரி கிடையாது. ரெஸ்டாரன்ட் தானா போடுறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ல வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேற பேர்லயும் வசூலிக்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது. ரெஸ்டாரன்ட் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போச்சு. 2025 மார்ச் 28ல டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. பில்லில் இருந்தா, "சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க"ன்னு பொறுமையா சொல்லுங்க. மறுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் செய்யலாம். என் பில்லில் அது இல்லாம இருந்தா 2,625 ரூபாய்தான். 262 ரூபாய் வித்தியாசம், ஏன்னா அந்த சார்ஜுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி போடுறாங்க.

ஒரு வேண்டுகோள். அதை எடுக்கச் சொல்லிட்டு வெறுங்கையோட எழுந்து வந்துடாதீங்க. உங்களுக்குப் பரிமாறின தம்பிக்கு உங்களால முடிஞ்சதைக் கையில கொடுங்க. அது நேரா அவருக்குப் போகும்.

ஜிஎஸ்டி: சாதாரண ரெஸ்டாரன்ட்ல 5%, ஏசி இருந்தாலும் இல்லாட்டியும். இதை எடுக்கச் சொல்ல முடியாது. 18% போட்டிருந்தா உடனே சண்டைக்குப் போகாதீங்க. ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல இருக்கிற பெரிய ஹோட்டல்களுக்குள்ள இருக்கிற ரெஸ்டாரன்ட்டுக்கு 18% வரும். அதே 2,500 ரூபாய் சாப்பாட்டுக்கு அங்க வரி 450, வெளிய 125. இடத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடியே இது தெரியணும். அதேபோல, காம்போசிஷன் திட்டத்துல இருக்கிற சின்னக் கடைங்க உங்ககிட்ட ஜிஎஸ்டி தனியா வசூலிக்கவே கூடாது.

தண்ணீர்: "ரெகுலரா, பாட்டில் வாட்டரா சார்?"னு கேக்கும்போது கூச்சப்பட்டு "பாட்டில்"னு சொன்ன ஆளு நான். "ரெகுலர் போதும்"னு சொல்ல இப்போ கூச்சமே இல்லை. எம்ஆர்பியைவிட அதிகம் போட்டுட்டாங்கன்னும் சண்டை போட முடியாது. உக்காந்து சாப்பிடற இடத்துல பாட்டில் தண்ணிக்குக் கூடுதலா வாங்கலாம்னு உச்ச நீதிமன்றமே 2017 டிசம்பர்ல சொல்லிடுச்சு.

ஆப் தள்ளுபடி: டேபிள் புக் பண்ணினா, ஆப்லயே பில் கட்டினா தள்ளுபடின்னு வரும். நல்லதுதான். ஆனா ரெண்டு விஷயம் படிங்க: எவ்வளவு ரூபாய் வரைக்கும் தள்ளுபடி, எந்தக் கிழமை செல்லும். 25% கிடைக்குதேன்னு இன்னொரு ஸ்டார்ட்டர் சொன்னா, அது தள்ளுபடி இல்லை, இன்னொரு ஸ்டார்ட்டர். "ரெண்டு பேருக்கு இவ்வளவு"ன்னு ஆப்ல போட்டிருக்கிற தொகையும் ஒரு குத்துமதிப்புதான். போறதுக்கு முன்னாடி மெனுவைத் திறந்து நீங்களே கூட்டிப் பாருங்க.

எங்க வீட்டுக் கணக்கு இப்போ

மாசம் 2,500 ரூபாய். தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட், சம்பளம் வந்த அன்னைக்கே அதுக்குப் போயிடும். யுபிஐயும் அதுலேர்ந்துதான். தீர்ந்துட்டா அந்த மாசம் அவ்வளவுதான். மிச்சம் இருந்தா அடுத்த மாசத்துக்கு. கல்யாண நாள் வர்ற மாசத்துக்கு முன்னாடி நாங்களே கொஞ்சம் மிச்சம் பிடிச்சு வச்சுக்குவோம்.

ஒரு டேட் நல்ல ரெஸ்டாரன்ட்ல. மாக்டெயில் ஒண்ணு, ரெண்டு மெயின், டெசர்ட் வேணும்னா வெளிய வந்து ஐஸ்கிரீம். இன்னொரு டேட் அவ இஷ்டம். முதல் தடவை அவ கூட்டிட்டுப் போனது சௌகார்பேட்டை மின்ட் தெரு. மெட்ரோல மண்ணடி வரைக்கும் போய், அங்கேர்ந்து நடை. முறுக்கு சாண்ட்விச், சாட், குல்ஃபி. 300 ரூபாய் தாண்டல.

குல்ஃபி சாப்பிட்டுட்டே கேட்டேன், "அந்த நுங்கம்பாக்கம் இடம் மிஸ் பண்றியா?"ன்னு.

"எனக்கு அங்க பாஸ்தாவே பிடிக்காதுங்க. நீங்க அவ்வளவு ஆசையா கூட்டிட்டுப் போனீங்க, அதான் ஒண்ணும் சொல்லல"ன்னா.

எனக்கும் அந்த பீட்சா அவ்வளவா பிடிக்காது. அவளுக்குப் பிடிக்கும்னு நினைச்சுத்தான் போனேன்.

அதனால இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். அடுத்த டேபிளை புக் பண்றதுக்கு முன்னாடி, வீட்லயே ஒரு காபி போட்டுட்டு உக்காந்து ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு: "நிஜமா உனக்கு எங்க போகப் பிடிக்கும்?" ரெண்டு: "நம்ம ரெண்டு பேர் கார்டுலயும் இப்போ எவ்வளவு பாக்கி?" ரெண்டாவது கேள்விக்கு "கொஞ்சம்தான்"னு மட்டும் பதில் சொல்லாதீங்க. ஆப்பைத் திறந்து நம்பரைக் காட்டுங்க.

அந்த வீடியோவையும் இந்த வாரம் எடுத்துடறேன். இந்தத் தடவை கேமரா முன்னாடி ரெண்டு பேரும் உக்காரப் போறோம்.