உங்களுக்குத் தெரியுமா? ரோட்டரி எஞ்சினும் மிஸ்ஃபயரும்

பெங்களூரில் வாங்கெல் ரோட்டரி எஞ்சின் ஒன்று உருவாகியிருக்கிறது. 55 குதிரைத்திறன். தேசிய விமானவியல் ஆய்வகமும் பாதுகாப்பு ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து செய்தது. 2009 ஏப்ரலில் கோலார் அருகே ‘நிஷாந்த்’ ஆளில்லா விமானம் அதை வைத்துப் பறந்தது.

காரில் இதை விடாமல் பிடித்துக்கொண்டது மஸ்டா. ‘ஸ்வராஜ் மஸ்டா’ வேன் தெரிந்த அளவுக்கு நம்மவர்களுக்கு அதன் ரோட்டரி கார் ஆர்எக்ஸ்-8 தெரியாது. அது இங்கே ஷோரூமுக்கே வரவில்லை. அதன் எஞ்சினில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. இரண்டு முக்கோண ரோட்டர், நான்கு ஸ்பார்க் பிளக், நான்கு இக்னிஷன் காயில். ஸ்கேனரில் பிழைக் குறியீடு பி0301 வந்தால் முன் ரோட்டர், பி0302 வந்தால் பின் ரோட்டர் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை.

செக் எஞ்சின் விளக்கு விடாமல் எரிந்தால், நிதானமாக ஓட்டி மெக்கானிக்கிடம் போகலாம். மின்னி மின்னி எரிந்தால் உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிவிடும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது காயிலை. காயில், பிளக், ஒயர் எல்லாம் மாற்றியும் எஞ்சின் உதறினால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். சாதாரண கேஜ் இங்கே ஏமாற்றிவிடும்: ரோட்டரின் மூன்று முகங்களில் எதில் அழுத்தம் அதிகமோ அதை மட்டுமே காட்டும். மற்ற இரண்டும் செத்திருந்தாலும் முள் ஜம்மென்று நிற்கும்! மூன்றையும் தனித்தனியே அளக்கும் ரோட்டரி டெஸ்டர்தான் வேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு முகங்களில் அழுத்தம் சேர்ந்து குறைந்திருந்தால், அவற்றுக்கு இடையிலுள்ள முனைச் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம்.