பவுணோடு வெள்ளி சேருமா?

கலியாணக் காட் வந்துவிட்டால் எமது வீடுகளில் முதலில் அலுமாரிதான் திறக்கப்படும். சேலை ஒன்று எப்படியும் கிடைத்துவிடும். தமக்கையிடமோ பக்கத்து வீட்டிலோ இரவல் வாங்கலாம். நகைப் பெட்டியில்தான் எல்லாம் நின்றுவிடுகிறது. "தோடு பவுண். சங்கிலி வெள்ளி. காப்பு கவரிங். கனடாவிலை இருந்து தங்கச்சி அனுப்பின மோதிரம் வெள்ளை நிறம். ஒண்டுக்கொண்டு சேராது பிள்ளை. இதுகளைப் போட்டுக்கொண்டு எப்பிடிச் சபைக்குப் போறது?" என்று வடமராட்சியில் ஓர் அக்கா என்னிடம் கேட்டார். அவர் அந்தக் கலியாணத்துக்குப் போகவில்லை. மணப்பெண் அவருடைய சொந்தத் தமையனின் மகள்.

நான் போய்வரும் மகளிர் குழுக்களில் இப்படிப் போகாமல் விட்டவர்கள் பலர். வேறு சிலர் போகிறார்கள். ஒரே நிறத்தில் ஒரு செற் வேண்டும் என்பதற்காக வட்டிக்குப் பணம் எடுத்துவிட்டு, கலியாணம் முடிந்த கிழமையே அந்த நகையை அடைவு வைக்கிறார்கள். எனவே நகையைப் பற்றி எழுத இதுவா நேரம் என்று யாரும் கேட்கவேண்டாம். சபைக்குப் போவதும் விடுவதும் எமக்குச் சின்ன விடயமல்ல.

எமது செற்றுகள் எப்படிக் கலைந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். 1990களின் தொடக்கத்தில் வீட்டுக்கு இரண்டு பவுண் என்று கொடுத்தவர்கள் உண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அட்டியலைக் கழற்றிச் சீலைத்தலைப்பில் முடிந்தவர்கள், தென்மராட்சியில் ஒரு காப்பு, கிளிநொச்சியில் ஒரு காப்பு என்று விற்றுச் சமைத்தார்கள். 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்களிடம் காதில் கிடந்தது மட்டுமே மிச்சம். 2022இல் ரூபாய் விழுந்து பவுண் விலை ஏறிய பிறகு, விட்டதைத் திரும்பச் செய்விப்பது பலருக்குக் கனவாகிவிட்டது. இன்று பெட்டியில் கிடக்கும் ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கையிலிருந்து வந்தது. அவை ஒரே நிறத்தில் இருந்தால்தான் அதிசயம்.

ஆனால் உலோகங்களைக் கலந்து அணிவது எமக்குப் புதிதா? கழுத்திலும் காதிலும் பவுண், காலில் வெள்ளிக் கொலுசும் மெட்டியும் என்பது எமது ஊர் மணப்பெண்ணின் கோலம். பொன் இலட்சுமி, அதைக் காலில் போடக்கூடாது என்று அம்மம்மாமார் சொல்வார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், இரண்டு நிறம் ஒரே உடம்பில் இருந்தது. குழந்தைக்கு அரையில் வெள்ளி அரைஞாண், கையில் பவுண் காப்பு. ஆண்கள் விரலில் செப்பு மோதிரம் அல்லது ஐம்பொன் மோதிரம். ஒரே கழுத்தில், ஒரே கையில் இரண்டு நிறம் என்பதற்குத்தான் எமது கண் இன்னும் பழகவில்லை.

பொன்னுருக்கலை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டில் நல்ல நாள் பார்த்து, பத்தர் வந்திருந்து, பவுண் காசை உருக்குகிறார். உருகிய பொன்னைத் தட்டத்தில் வைத்துச் சபைக்குக் காட்டுகிறார்கள். அதிலிருந்துதான் தாலி. அந்தப் பிரித்தானியப் பவுண் காசு ஏறத்தாழ 8 கிராம். அதில் 24 பங்குக்கு 22 பங்குதான் தங்கம், மிச்சம் செம்பு. பழைய நகையில் ஒரு சிவப்புச் சாயல் தெரிவது இந்தச் செம்பினால். சுத்தத் தங்கம் மிகவும் மெது, நகையாக நிற்காது. செம்பைக் கூட்டினால் சிவக்கும், வெள்ளியைக் கூட்டினால் வெளிறும். பலேடியமோ நிக்கலோ கலந்தால் வெண்தங்கம். வெளிநாட்டிலிருந்து வரும் வெள்ளை மோதிரங்கள் பெரும்பாலும் இதுதான். மேலே ரோடியம் என்ற உலோகத்தைப் பூசியிருப்பார்கள். சில வருடத்தில் பூச்சுத் தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிந்தால், "ஏமாத்திப்போட்டாங்கள்" என்று தங்கச்சியோடு கோபிக்கவேண்டாம். அதன் இயல்பே அதுதான்.

தாலிப் பொன்னிலேயே கலப்பு இருக்கும்போது, தோடும் சங்கிலியும் வேறு நிறமாயிருப்பதில் என்ன குறை? வட இந்தியாவில் பொன்னும் வெள்ளியும் சேர்த்துச் செய்யும் வேலைக்கு, வெவ்வேறு நிற நீரோடு வந்து கலக்கும் இரண்டு ஆறுகளின் பெயரால் கங்கா-ஜமுனா என்று பெயர். தஞ்சாவூர்த் தட்டில் பித்தளை, செம்பு, வெள்ளி மூன்றும் உண்டு. பரிசில் கார்ட்டியர் நகைக்கடை 1924இல் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று மூன்று நிற வளையங்களைப் பின்னி ஒரு மோதிரம் செய்தது. இன்றும் அதைப் பெரிய காசு கொடுத்து வாங்குகிறார்கள். அங்கே அது நாகரிகம். இங்கே அதையே இல்லாமை என்கிறோம்!

சரி, எப்படிப் போடுவது? நான் பார்த்ததில், சேராமல் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் நிறமல்ல. ஒரு நிறம் தனித்து ஒரே ஓரிடத்தில் நிற்பதுதான். கழுத்தில் மட்டும் வெள்ளி, மற்றதெல்லாம் பவுண் என்றால் அது மறந்துபோய்ப் போட்டது போலிருக்கும். அதே வெள்ளியைக் கையிலும் ஒரு மெல்லிய காப்பாகப் போட்டால், வேண்டுமென்று போட்டது என்று பார்ப்பவருக்குத் தெரியும். இரண்டையும் சரிபாதியாகப் போடாமல் ஒன்றை முன்னுக்கு விடுங்கள். பளபளக்கும் கவரிங்கையும் தேய்ந்த பழைய பவுணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பவுண்தான் பொய்போலத் தெரியும். கவரிங் காப்பு ஒரு கையில், பவுண் மோதிரம் மற்றக் கையில் இருக்கட்டும். முத்தும் சிவப்புக் கல்லும் இரண்டு நிறத்தோடும் ஒத்துப்போகும். வெள்ளிச் சங்கிலியில் பவுண் மணி நாலைந்து இடையிடையே கோர்த்தால் அது பவுண் தோட்டையும் வெள்ளிக் காப்பையும் சேர்த்துவைக்கும். சேலைக் கரையும் உதவும். காஞ்சிபுரத்து நல்ல ஜரிகையே வெள்ளி இழையில் பொன்முலாம் பூசியதுதானே.

இதில் மெதுவாகப் பேசவேண்டிய இடம் ஒன்று உண்டு. கணவரை இழந்தவர்களும், கணவர் எங்கே என்று இன்றுவரை தெரியாதவர்களும் எம் மத்தியில் அதிகம். காணாமற்போனவர்களின் மனைவிமார் தாலியைக் கழற்றுவதா வைத்திருப்பதா என்று பிறர் தீர்ப்புச் சொல்ல வருகிறார்கள். ஒரு தங்கை, மகனின் படிப்புக்காகத் தாலிக்கொடியை விற்றுவிட்டுத் தாலியை வெள்ளிச் சங்கிலியில் கோர்த்துப் போட்டிருந்தார். "வெள்ளியிலை தாலி கட்டக்கூடாது" என்று சபையில் ஒருவர் சொன்னாராம். மஞ்சள் கயிற்றில் கட்டலாம், வெள்ளியில் கூடாதா? பஞ்சு நூலுக்கு உள்ள மரியாதை வெள்ளிக்கு இல்லையா என்று நான் கேட்பேன். கணவர் இல்லாத பெண் வெள்ளி மட்டும் போடலாம், பவுண் கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சபையில் இவர் இன்னார் என்று அடையாளம் காட்டுவதற்கு நகையைப் பயன்படுத்தியது சமூகம். உலோகத்துக்கு அது தெரியாது. எதைப் போடுவது, எதை விடுவது என்பது அந்தப் பெண்ணின் முடிவு.

இனிக் காசுக் கணக்கு. எமக்கு நகை என்பது வங்கியும்கூட. கஸ்தூரியார் வீதியிலோ கன்னாதிட்டியிலோ பத்தரிடம் கலப்பு நகை செய்யக் கொடுக்கும்போது, பவுணையும் வெள்ளியையும் சூடுகாட்டிப் பற்றவைக்கச் சொல்லாதீர்கள். வெள்ளி ஏறத்தாழ 962 பாகை செல்சியஸில் உருகும், தங்கம் 1064இல். தெரிந்த பத்தர் செய்வார். ஆனால் பிறகு விற்கவோ அடைவு வைக்கவோ போனால் நிறுப்பது சிக்கல். வங்கி பவுணுக்குத்தான் காசு தரும், வெள்ளியின் நிறையைக் கழிக்கும், ஒட்டிய இடத்தைச் சந்தேகப்படும். வளையத்தால் கோர்த்துவிட்டால் வேண்டியபோது கழற்றலாம், தனித்தனியாக நிறுக்கலாம். பற்றுச்சீட்டில் பவுண் எத்தனை கிராம், வெள்ளி எத்தனை கிராம், எத்தனை கரட் என்று பிரித்து எழுதிக் கேளுங்கள். 22 கரட் என்றால் 916, 18 கரட் என்றால் 750, நகை வெள்ளி 925. முழு நிறைக்கும் பவுண் கணக்கில் சேதாரம் போட்டிருந்தால், அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மலிவான வெள்ளை நிறத் தோடோ மூக்குத்தியோ போட்டுக் கடித்தால், சிவந்தால், பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். பொறுத்துக்கொண்டு போடவேண்டாம்.

வெள்ளி கறுப்பது கந்தகத்தால். றப்பர் பாண்டில் சுற்றி வைத்தால் விரைவில் கறுக்கும்; பருத்தித் துணியில் தனியாகச் சுற்றி வையுங்கள். திருநீறு தொட்டு மெதுவாகத் தேய்த்தால் பளிச்சென்று வரும். அதே திருநீற்றைக் கவரிங்கில் தேய்த்தால் முலாம் கழன்றுவிடும்; அதை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் போதும். வாசனைத் தைலம் பூசி, அது காய்ந்த பிறகே கவரிங்கைப் போடுங்கள். காப்பின் உள்விளிம்பில்தான் முதலில் செம்பு தெரியும். அது வெளியே வரமுதல் திரும்ப முலாம் பூசக் கொடுத்தால் செலவு குறைவு.