வீட்டினுள் வளரும் பசுமை – 9: சிலந்திச் செடியும் கிணற்றுத் தண்ணீரும்

சென்ற கிழமை வெயிலை விரும்பும் குரோட்டன்களைப் பற்றிப் பேசினோம். இக்கிழமைக்குரியது, விறாந்தை வளையில் தொங்கவிட்ட சாடியினின்றும் வெள்ளைக் கோடிட்ட இலைகளையும், நீண்ட தண்டுகளின் நுனியிற் சிறு குட்டிகளையும் தாழவிட்டு நிற்கும் சிலந்திச் செடி. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இதனைச் சுவீடன் தேசத்துத் தாவரவியலறிஞர் துன்பெர்க் 1794இல் விவரித்துப் பெயரிட்டார். ஜெர்மானிய மகாகவி கோதே, தாயை விட்டு நீங்காமலே அந்தரத்தில் வேர்கொள்ளும் இக்குட்டிகளின் விசித்திரத்தில் ஈடுபட்டு இதனை வளர்த்தாரென்பதும் பிரசித்தம்.

காற்றைச் சுத்திகரிக்கும் என்ற கீர்த்தியை நம்பி இதனை வாங்குவோர் இக்காலத்தில் அநேகர். அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1980களில் நடத்திய ஆராய்ச்சிகளே அதற்கு மூலம். அவையோ காற்றுப் புகாது அடைத்த சிறு கூண்டுகளில் நிகழ்ந்தவை. அவ்வகை ஆராய்ச்சிகளை 2019இல் ஒருங்கே மீளாய்ந்தவர்கள், கட்டடமொன்றில் இயல்பாக நிகழும் காற்றோட்டத்துக்கு ஈடான பயனைப் பெறச் சதுர மீற்றருக்குப் 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டுமெனக் கணக்கிட்டனர். சோளகம் வாசலால் நுழைந்து முற்றத்தால் வெளியேறும் நாற்சார் வீட்டுக்கு இதனால் என்ன பிரயோஜனம்? அழகுக்காக வளருங்கள், அது போதிய காரணம்.

இத்தனை குட்டி ஈனும் செடியை விலைக்கு வாங்குவதும் அவசியமன்று. அயல்வீட்டில் கேட்டால் கிடைக்கும். இலையின் நடுவே வெள்ளைக் கோடுள்ள வகை நன்கு வளைந்து தாழ்வதால் தொங்கு சாடிக்கு உகந்தது. அடியிற் சிறு வேர்முனை தோன்றிய குட்டியாகப் பார்த்து, தாயோடு இணைந்திருக்கும்போதே பக்கத்துச் சாடி மண்ணிற் பதித்து, வேர் பிடித்த பின் தண்டை நறுக்குவதே என் அபிப்பிராயத்தில் உத்தமமான முறை.

தண்ணீர் விஷயந்தான் நம்மூரில் விசேஷமானது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தங்குவதாலும், ஆறென்று சொல்லத்தக்கது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறொன்றேயாதலாலும், நமக்குக் கிணறே கதியாயிற்று. அக்கிணற்று நீரோ சுண்ணாம்பு மிகுந்ததாய், கடலை அண்டிய ஊர்களிலும் கோடையில் அளவுமிஞ்சி இறைத்த இடங்களிலும் உவர்த்தும் போகிறது. இந்நீரையே நாள்தோறும் வார்த்துவர, உப்பு, சாடி விளிம்பில் வெள்ளையாகப் படிந்து, இலை நுனிகளைக் கபிலநிறமாகக் கருக்கிவிடுகிறது. கருகக் கண்டதும் தாகமென்று எண்ணி இன்னும் இரண்டு செம்பு வார்ப்பவர்கள், உப்பைக் கூட்டுவதோடு வேரையும் அழுகச் செய்கின்றனர். கிழங்குபோற் பருத்த வேர்களில் நீரைச் சேமித்து வைக்கும் இச்செடிக்கு, மேல்மண் உலர்ந்தபின் வார்த்தாற் போதும். இடையிடையே மழைநீரைத் தாராளமாக ஊற்றி, அடித்துளையால் உப்பை வடியவிடுவதும் நன்று. செம்மண் மட்டும் இறுகிவிடுமாதலால், உக்கிய எருவும் தும்புத்தூளும் கலக்க வேண்டும். தும்புத்தூளிலும் உப்பிருக்கும், கழுவியே சேருங்கள்.

வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் ஆகாது. வடக்கு யன்னலே உகந்ததென ஐரோப்பிய நூல்கள் விதிப்பதை நாம் அப்படியே கைக்கொள்ளலாகாது. சித்திரைப் பிறப்பையொட்டி நம் உச்சியைக் கடக்கும் சூரியன் ஆவணி வரை வடபாலே நிற்பதால், அம்மாதங்களில் வடக்கு யன்னலுக்கும் வெயில் விழும். அப்போது சாடியைச் சற்று உள்ளே மாற்றிவிடுக. தண்டும் குட்டியும் தோன்றுவதற்கு நீண்ட இரவு வேண்டுமாதலால், இரவில் நெடுநேரம் மின்விளக்கு எரியும் கூடத்தில் இலை செழித்தும் குட்டி வாராதிருப்பதுண்டு. சிறிது நெருக்கமான சாடியில் வேர் நிறைந்திருப்பதும் குட்டிக்கு அனுகூலமே.

ஐப்பசி மழைக்கு முன்னரே பீலியின் கீழ் ஒரு பீப்பாவை வைத்து, கூரையைக் கழுவி வரும் முதல் மழைநீரைப் போகவிட்டு, பின்னையதைச் சேமியுங்கள். பீப்பாவின் வாயை வலைத்துணியால் இறுகக் கட்டவும், சாடியின் கீழ்த் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடவும் மறவாதீர்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது இத்தகைய தேங்கிய நீரிலேதான்.