பழைய பிக்கப் வண்டியின் சுக்கான் கோளாறுகளை அறிதல்

கமக்காரர் பலரிடத்தில் உழவு யந்திரத்தோடு பழைய பிக்கப் வண்டியொன்றும் இருந்து வருகின்றது. கெப் என வழங்கும் இவ்வண்டியே விதைநெல்லையும் பசளையையும் வயலுக்குக் கொண்டுசெல்கின்றது. கத்தரி, பூசணி, பச்சை மிளகாய், வெங்காயம் ஆகியவற்றை இரவில் ஏற்றி, விடியுமுன் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ அயலிலுள்ள சந்தைக்கோ சேர்க்கின்றது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலேயே மீண்டும் இடமளிக்கப்பட்டமையால், இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் உழைத்த வண்டிகளும் இன்னும் வேலையிலிருந்து ஓயவில்லை.

எஞ்சின் பழுதடைந்தால் வண்டி வழியில் நின்றுவிடும். ஏற்றிய மரக்கறி வாடும். சுக்கான் பழுதடைந்த வண்டியோ தொடர்ந்து ஓடும். ஓட்டுபவரும் அதன் தளர்வுக்குத் தம் கையை நாளடைவிற் பழக்கிக்கொள்வார். வேறொருவர் ஏறி ஓட்டும்போதுதான் குறை வெளிப்படுவது வழக்கம். ஆதலால், வண்டி நன்றாகவே ஓடுகின்றது என்று அதன் சொந்தக்காரர் கூறுவதைச் சோதனையாகக் கொள்ளுதல் தகாது.

சுக்கானின் அமைப்பு

பழைய பிக்கப் வண்டிகளிற் பெரும்பாலானவற்றிற் சுக்கான் வளையத்தின் தண்டு, சட்டத்திற் பூட்டப்பட்ட சுக்கான் பெட்டியினுட் செல்கின்றது. பெட்டியினுள்ளே திருகுத் தண்டொன்றும், அதன் மீது உருளும் உருக்குக் குண்டுகளும் உள. பெட்டியிலிருந்து வெளிவரும் குறுங்கை ஒருபுறமும், அதற்கு ஒத்த துணைக்கை மறுபுறமும் நின்று நடுக்கோலைத் தாங்குகின்றன. நடுக்கோலிலிருந்து இரு இணைப்புக் கோல்கள் இரு முன்சில்லுகளுக்கும் செல்கின்றன. மெக்கானிக்குகள் குறுங்கையைப் பிற்மன் ஆம் என்றும், துணைக்கையை ஐட்லர் ஆம் என்றும், இணைப்புக்கோலை ரை றொட் என்றும் கூறுவர்.

இக்கோல்கள் சந்திக்குமிடங்களில் ஆறு பந்து மூட்டுகள் உள. ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீற்றர் தேய்வு மட்டும் இருப்பினும் அவை ஒன்றோடொன்று கூடிச் சுக்கான் வளையத்திற் பெருந்தளர்வாகத் தோன்றும். சேறும் நீரும் நிறைந்த வயற்பாதையிற் செல்லும் வண்டிகளில், இம்மூட்டுகளின் இறப்பர் உறை கிழிந்தவுடன் மணல் உட்புகுந்து கிறீசுடன் கலந்து அரம்போல் அராவத் தொடங்கும். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டியைவிடக் கமக்காரரின் வண்டியில் இம்மூட்டுகள் விரைவிற் கெடுவதற்கு இதுவே முதற் காரணம்.

பெட்டியின் திருகாணியை முதலிற் தொடலாகாது

சுக்கான் தளர்ந்துவிட்டது எனக் கேட்டவுடன், பெட்டியின் மேலுள்ள திருகாணியைத் திருகி இறுக்குவது பலரின் வழக்கமாய் இருக்கின்றது. எளிதில் எட்டக்கூடிய இடத்தில் அது இருப்பதே இவ்வழக்கத்துக்குக் காரணம் போலும். வண்டி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நேராகவே ஓடிக் கழிப்பதாற் பெட்டியின் உட்பாகங்கள் நடுப்பகுதியில் மிகத் தேய்ந்தும், இரு பக்கங்களிலும் அவ்வளவு தேயாமலும் இருக்கும். நடுவிலுள்ள தளர்வு நீங்குமளவுக்குத் திருகாணியை இறுக்கினால், வளைவிற் திரும்பும்போது பெட்டி இறுகிப் பிடிக்கும். திரும்பிய சுக்கான் தானாக நடுவுக்கு மீளாது. றம்பொடை வழியாகச் சுமையோடு இறங்கும் வண்டிக்கு இதனால் நேரக்கூடியதை விளக்கவேண்டியதில்லை. மூட்டுகள் யாவும் நல்லவை என்று கண்ட பின்னரும் தளர்வு எஞ்சியிருந்தாற் பெட்டியைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டலாம்.

இருவர் செய்யும் சோதனை

இச்சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. வண்டியைச் சமதரையில், முன்சில்லுகள் நேராக நிற்கும்படி நிறுத்தி, கைப்பிறேக்கையிட்டு, பின்சில்லுகளுக்குக் கட்டை வைக்கவேண்டும். வண்டியை ஜக்கினால் உயர்த்தலாகாது. சில்லுகள் நிலத்தைப் பற்றி நின்றாலே மூட்டின் தேய்வு வெளிப்படும்.

முதலிற் சுக்கான் வளையத்தை ஒரு விரலால் மெல்ல இருபுறமும் அசைத்து, சில்லு அசையத் தொடங்குமுன் வளையத்தின் விளிம்பு எவ்வளவு தூரம் வெறுமனே செல்கின்றதென அளத்தல் வேண்டும். பவர் சுக்கானுள்ள வண்டியில் எஞ்சினை ஓடவிட்டே இதனை அளக்கவேண்டும். வண்டியின் கைந்நூலிற் குறித்த அளவே முடிவானது. கைந்நூல் இல்லாதவிடத்து, 30 மில்லிமீற்றரைத் தாண்டினாற் காரணத்தைத் தேடவேண்டுமெனக் கொள்ளலாம்.

அளந்தபின் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் வளையத்தைச் சிறிதளவு இடமும் வலமும் விட்டுவிட்டு அசைக்க, மற்றவர் முன்புறத்திற் படுத்து விளக்கின் உதவியாற் பார்க்கவேண்டும். பார்ப்பவர் தண்டின் இணைப்பிலிருந்து தொடங்கிச் சில்லுவரை ஒழுங்காகச் செல்வது நன்று. தண்டு அசைய, பெட்டியினுட் செல்லும் பாகம் தாமதித்து அசைந்தாற் குறை தண்டின் இணைப்பில் உளது. பெட்டியே சட்டத்தின் மீது அசைந்தால் அதன் போல்ற்றுகள் தளர்ந்துள்ளன. அல்லது சட்டம் அவ்விடத்தில் வெடித்துள்ளது. பழைய வண்டிகளில் இவ்வெடிப்புச் சேற்றினால் மறைந்திருக்கும். ஆகையாற் பெட்டியைச் சூழவுள்ள இடத்தைக் கழுவித் துடைத்துப் பார்க்கவேண்டும். நடுக்கோல் பக்கமாக அசைவதோடு மேலுங்கீழுமாக எழுந்து தாழ்ந்தாற் துணைக்கையின் புஷ் தேய்ந்துள்ளது. இவ்வாறே ஒவ்வொரு பந்து மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்கவேண்டும். மூட்டின் ஒரு பக்கம் நகர, மறுபக்கம் அசையாது நின்று பின்னர் நகருமாயின், தேய்ந்த மூட்டு அதுவே. கண்ணுக்குப் புலப்படாத அசைவும் விரலுக்குப் புலப்படும். கோல்களுக்கிடையில் விரல் நசுங்காதவாறு, அசைப்பவர் பார்ப்பவரின் சொற்கேட்டே அசைக்கவேண்டும்.

இணைப்புக்கோலின் நுனி மூட்டிற் தெளிவான தளர்வு காணப்படின் அவ்வண்டியை மேலும் ஓட்டலாகாது. மூட்டுக் கழன்றால் ஒரு சில்லுச் சுக்கானுக்குக் கட்டுப்படாது தன் வழியே திரும்பும். அந்நிலையில் ஓட்டுபவராற் செய்யக்கூடியது மிகச் சிறிதே. அறுவடை முடியட்டும் எனப் பிற்போடுவதற்குரிய வேலையன்று இது.

அடுத்து, முன்சில்லொன்றைக் கீழ்க்கையின் அடியில் ஜக்கு வைத்து உயர்த்தி, உறுதியான தாங்கியும் இட்டு, சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப்பார்க்கவேண்டும். ஆட்டம் இருப்பின் மற்றவர் பிறேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தாற் சில்லின் பெயாரிங் தளர்ந்துள்ளது. மறையாவிடின் தொங்கற் பந்து மூட்டோ, இலைவில் அச்சுள்ள வண்டியாயிற் கிங் பின்னோ தேய்ந்துள்ளது.

சுமையினால் தோன்றும் குறை

வெற்று வண்டி நன்றாக ஓட, சுமை ஏற்றியபின் மட்டும் சாலையில் அலையுமாயின், மூட்டுகளைக் குறைகூறுமுன் சுமை வைத்த முறையைப் பார்க்கவேண்டும். அச்சுகளுக்கிடையே 2.8 மீற்றர் தூரமுள்ள வண்டியிற் பின்கதவை இறக்கி, பின்னச்சுக்கு ஒரு மீற்றர் பின்னால் 50 கிலோ மூடைகள் நான்கை வைத்தால், முன்சில்லுகளின் மீதுள்ள பாரத்தில் ஏறக்குறைய 70 கிலோ குறைந்துவிடும். முன்புறம் எழ, சில்லுகள் நிலத்தைப் பற்றும் வலிமையும் குறையும். பாரமான பூசணியையும் நெல்மூடைகளையும் ஓட்டுபவரின் அறையை அடுத்து வைத்து, கீரை, மிளகாய் போன்ற இலேசானவற்றைப் பின்னே வைத்தல் வேண்டும்.

ஒரு பக்கம் இழுத்தல்

இலங்கையிற் சாலையின் இடப்புறம் செல்வதாலும், மழைநீர் வடியச் சாலையின் ஓரம் சரிவாய் இருப்பதாலும், வண்டி சிறிது இடப்புறம் சாய்ந்து செல்வது இயல்பு. அதனினும் மிகுதியாக இழுத்தால், முதலில் இரு முன் ரயர்களின் காற்றையும் குளிர்ந்த நிலையில் அளந்து சமப்படுத்தவேண்டும். பின்னர் அவ்விரு சில்லுகளையும் இடம் மாற்றிப் பூட்டி ஓட்டினால், இழுப்பும் மறுபக்கம் மாறுமாயிற் குறை ரயரிலேயே உளது. மாறாவிடிற் பிறேக்கைச் சந்தேகிக்கலாம். சிறிது தூரம் ஓட்டியபின் றிம்மின் அருகே புறங்கையைக் கொண்டுசென்றால், பிறேக்குப் பிடித்துக்கொண்டிருக்கும் சில்லு மற்றையதிலும் மிகச் சூடாயிருப்பது தெரியவரும்.

பாரமும் நடுக்கமும்

பவர் சுக்கான் பாரமாயிருப்பின் எண்ணெயின் மட்டத்தையும் பெல்ற்றின் இறுக்கத்தையும் பார்க்கவேண்டும். எண்ணெயில் நுரை காணப்படின் எங்கோ காற்று உட்புகுகின்றது. வளையத்தின் ஒவ்வொரு சுற்றிலும் குறித்த இரு இடங்களில் மட்டும் பாரம் தோன்றினாற் தண்டின் திருப்பு மூட்டுத் துருப்பிடித்துள்ளதெனக் கொள்ளலாம்.

குறித்த வேகத்திற் சுக்கான் நடுங்கும் வண்டிகள் பலவற்றில், றிம்மின் உட்புறத்தில் ஒட்டிக் காய்ந்த வயற்சேற்றினாலேயே சில்லின் சமநிலை கெட்டிருக்கும். நீரினாற் கழுவிய பின்னரும் நடுக்கம் நீங்காவிட்டாற்றான் றிம்மின் வளைவையும் சமநிலையையும் பணங்கொடுத்துப் பார்ப்பிக்க வேண்டும்.

திருத்தியபின்

சில்லுகளை நேர்ப்படுத்தும் வேலை மூட்டுகளை மாற்றிய பின்னரே செய்யத்தக்கது. தேய்ந்த மூட்டோடு நேர்ப்படுத்திய அளவு முதற் பள்ளத்திலேயே மாறிவிடும்; புதிய ரயர்களும் சில மாதங்களில் ஓரந்தேய்ந்து வீணாகும். பழைய நுனி மூட்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளிவந்ததென எண்ணிவைத்து, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினால், நேர்ப்படுத்தும் இடம்வரை வண்டியை மெதுவாகக் கொண்டுசெல்லலாம். கழற்றிய கொட்டர் பின்னை மீண்டும் உபயோகிக்கலாகாது. நட்டின் வெட்டுந் துளையும் பொருந்தாவிடின், பொருந்தும்வரை நட்டைச் சிறிது இறுக்கவேண்டுமேயன்றித் தளர்த்தலாகாது. பின்னர்ச் சுமையின்றிச் சில மைல் ஓட்டி, நட்டுகளை மறுபடியும் பார்த்து, சுக்கான் வளையத்தின் வெற்றசைவை அளந்து திகதியோடு குறித்துவைக்கவேண்டும்; அடுத்த போகத்தில் ஒப்பிடுவதற்கு அக்குறிப்பு உதவும்.