மூச்சிரைப்பும் குடும்ப வரலாறும்

கையில் கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தம் சரியாகவே இருக்கும். ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சிரைக்கும். கால் வீக்கம், மயக்கமும் சேர்ந்தால் அலட்சியம் வேண்டாம். நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் தமனிகள் குறுகி, அங்கே அழுத்தம் கூடும் நோயாக இருக்கலாம். நாளடைவில் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துவிடும்.

பரம்பரையாக வரும் இந்நோய்க்கு பி.எம்.பி.ஆர்.2 என்னும் மரபணுவின் பழுதே முக்கியக் காரணம் என்று 2000-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இரத்தக் குழாய்ச் சுவரின் செல்கள் மிதமிஞ்சிப் பெருகாமல் காப்பது அதன் வேலை. பழுதுள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. வந்தவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வந்தால் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். குலைந்த அந்தச் சமநிலையைச் சீராக்கும் சோடாடர்செப்ட் என்ற மருந்துக்கு 2024-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது.

நோயை உறுதி செய்ய எக்கோவும் கதீட்டர் சோதனையும் தேவை. மரபணுச் சோதனையோ காரணத்தைச் சொல்லும். உடன்பிறந்தோரை முன்கூட்டியே கண்காணிக்க உதவும்.

பெங்களூரில் ஜெயதேவா போன்ற இருதய மருத்துவமனைகள் உள்ளன. ஆனால் "குடும்பத்தில் யாருக்காவது உண்டா?" என்று டாக்டர் கேட்டால், பதில் ஊரில் அல்லவா இருக்கிறது! 'இளைப்பு நோய்' என்று சொல்லி மறந்துபோன இளவயது மரணங்கள் உண்டா என, அடுத்த விடுமுறையில் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து வாருங்கள்.