சம்பா நெல்லில் இலைக்கருகல்: பாக்டீரியா தாக்குவது எப்படி?

அதிராம்பட்டினம் வட்டாரத்துக் கடைமடையில் சம்பா பயிரிடுவோருக்கு, ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும் அடித்து ஓய்ந்தபின் ஒரு கவலை வருவதுண்டு. இலை நுனி வெளுத்து, ஓரம் மஞ்சளாகி, கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். கடலோர நிலமாதலால் இது உப்பின் வேலை என்று சிலர் நினைப்பார்கள். சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா இடுபவர்களும் உண்டு. வந்திருப்பது பாக்டீரியா இலைக்கருகல் நோயாக இருந்தால், யூரியா இடுவது நோய்க்குத் தீனி போடுவதாகவே முடியும். ஆகவே முதலில் நோயை இனம் காண வேண்டும்.

கண்ணாடி டம்ளர் சோதனை

பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் இலையைக் குறுக்கே கத்தரித்து, தெளிந்த நீருள்ள கண்ணாடி டம்ளரில் போடவும். சில நிமிடங்கள் கழித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவும். வெட்டிய முனையிலிருந்து பால் போன்ற கலங்கல் இழையாக வெளிவந்தால் அது இலைக்கருகல் நோயே. உப்பினால் வெளுத்த இலையில் இந்தக் கலங்கல் வராது. அந்தக் கலங்கலில் இருப்பவை கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள்.

இலைக்குள் நடப்பது என்ன?

சாந்தோமோனாஸ் ஒரைசே என்னும் இந்தப் பாக்டீரியா இலை ஓரத்து நீர்த்துளைகள் வழியாகவும், காற்றில் இலைகள் உராய்ந்து ஏற்படும் காயங்கள் வழியாகவும் நுழைந்து, நீர் செல்லும் குழாய்களில் பெருகுகிறது. அதற்கு வாயும் இல்லை, பல்லும் இல்லை. நெல்லின் செல் சுவரைக் கரைக்கும் நொதிகளை, அதாவது என்ஸைம்களை, வெளியே சுரந்துதான் அது பயிரைத் தாக்குகிறது. முளைகட்டிய நெல்லை இனிக்கச் செய்வதும் ஒரு நொதியே. அங்கே அது நாற்றுக்கு உணவாக்கித் தருகிறது. இங்கே இலையை அழிக்கிறது.

இந்த நொதிகள் புரதங்களே. பாக்டீரியாவுக்குள் உருவாகும் இவை இரண்டு சவ்வுகளைத் தாண்டி வெளியே வரவேண்டும். லாரியில் ஏற்றும் மூட்டைக்கு விலாசச் சீட்டு கட்டுவதுபோல், வெளியே போக வேண்டிய புரதத்தின் முனையில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். முதல் சவ்வைத் தாண்டியதும் வேறொரு நொதி அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடும். அதன்பின் புரதம் உரிய வடிவில் மடிந்து, இரண்டாம் சவ்விலுள்ள வாயில் வழியே வெளியேறும்.

இந்த வழி அடைபட்டால் என்ன ஆகும்? ஐதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ரமேஷ் சோன்ட்டியின் குழுவினர் இதை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். சுரக்கும் வழி பழுதான பாக்டீரியாவால் நொதியை வெளியேற்ற முடியவில்லை. நோயுண்டாக்கும் வலிமையும் குன்றியது.

காட்டிக்கொடுக்கும் முத்திரை

இதே பாக்டீரியா 'ராக்ஸ்-எக்ஸ்' என்னும் சிறு புரதத்தையும் சுரக்கிறது. ஒரு நொதி அதன்மேல் கந்தகம் சேர்ந்த முத்திரையைப் பதிக்கிறது. மற்றொன்று அதன் தலைப்புத் துண்டை வெட்டி வெளியே அனுப்புகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பமேலா ரொனால்டு குழுவினர் 2015-இல் இதைக் கண்டறிந்து அறிவித்தனர். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து கிடைத்த 'எக்ஸ்.ஏ.-21' என்னும் மரபணு உள்ள பயிர், இந்த முத்திரையைக் கண்டு எதிரியை அடையாளம் தெரிந்துகொண்டு எதிர்த்து நிற்கிறது.

பி.பி.டி. 5204 என்னும் சம்பா மசூரி இந்நோய்க்கு எளிதில் இலக்காகும். அதனுடன் எக்ஸ்.ஏ.-21 உட்பட மூன்று எதிர்ப்பு மரபணுக்களைக் கலப்பு முறையில் சேர்த்து, 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' 2008-இல் வெளியிடப்பட்டது. பாக்டீரியா தன் முத்திரையை மாற்றிக்கொண்டாலும் மற்ற இரண்டும் காவல் நிற்கும் என்பதே மூன்றைச் சேர்த்ததன் பயன். இது வீரிய ஒட்டு ரகம் அல்ல. அறுவடையிலிருந்து விதை எடுத்து வைக்கலாம். நம் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்றதா என்பதை வேளாண் அலுவலரிடம் கேட்டறிந்து பயிரிடவும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளக் கூடாது. ஒவ்வொரு வெட்டுவாயும் பாக்டீரியாவுக்குத் திறந்த கதவு.

2. தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடவும். நோய் தென்பட்டால் அடுத்த மேலுரத்தை நிறுத்திவைக்கவும். சாம்பல் சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளவும்.

3. தேங்கிய நீரை வடிக்கவும். நோய் கண்ட வயலின் நீர் அடுத்த வயலுக்குப் பாயாமல் தடுக்கவும்.

4. வரப்பிலுள்ள புல் பூண்டுகளை அகற்றவும்.

5. புதிய பசுஞ்சாணத்தைக் கரைத்து வடித்த தெளிவைத் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கரைக்கும் அளவை வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளவும்.

நோய் முற்றியபின் இலையை மீட்கும் மருந்து இல்லை. மழை ஓய்ந்த மறுநாளே வயலைச் சுற்றிப் பார்ப்பதும், சந்தேகம் வந்தால் உர மூட்டையைப் பிரிக்கும் முன் கண்ணாடி டம்ளரை எடுப்பதும் விளைச்சலைக் காக்கும்.